‘அமரர்’ என்று போட்டுவிட்டேன்

“தம்பி, நான் செத்துப்போனன் எண்டு போட்டிருக்கிறீங்களாமே?”

போன ஞாயிறு காலை வந்த போன் இது. வயதான பெண் குரல்… ஆனால் தெளிவான குரல். ராங் நம்பர் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு நாவலின் பெயரைச் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். பழைய நூல்களை மறுபதிப்புச் செய்ய நானும் நண்பர் ரவீந்திரனும் கிளம்பியிருந்தோம். முதலில் எடுத்தது, நான் பிறப்பதற்கு முன் வந்த ஒரு சிறு நாவல். வாவியில் தோணி விடுகிற ஒருவனை நம்பி ஏமாந்த பெண்ணின் கதை. எழுதியவர் பெயர் ஆண் பெயர். பதிப்பகம் எப்போதோ மூடிவிட்டது.

“பதிப்புரிமையைப் புதுப்பிச்சிருக்கிறாங்களோ, முடிஞ்சிட்டுதோ எண்டு பாருகா” என்றார் ரவீந்திரன்.

“நம்மட நாட்டில புதுப்பிக்கிற கதையே இல்ல. எழுதினவர் செத்து எழுபது வருசம் வரைக்கும் உரிமை கிடக்கும்” என்று வகுப்பெடுத்தேன்.

இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? எழுதியவர் இருக்கிறாரா, இல்லையென்றால் உறவுக்காரர் யார் என்று விசாரித்திருக்க வேண்டும். நான் இன்டர்நெட்டில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு விழாவில் சந்தித்த எழுத்தாளரைக் கேட்டேன். “போய்ச் சேந்திருப்பார்” என்றார். அந்த ‘இருப்பார்’ என் காதில் விழவே இல்லை!

நான் சொன்ன எழுபது வருடக் கணக்கையே மறந்து, ‘பதிப்புரிமை காலாவதியான நூல்’ என்று உள்ளே அச்சடித்தோம். அட்டையில் பெயருக்கு முன்னால் ‘அமரர்’. முன்னுரையில் என் பங்குக்கு, ‘ஓர் ஆணாக இருந்தும் பெண் மனதை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர்’ என்று வேறு எழுதித் தொலைத்தேன். எல்லாவற்றையும் பேஸ்புக்கிலும் போட்டேன். அதைப் பார்த்த பழைய மாணவி ஒருத்திதான் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று பின்னேரமே போனேன். ஓய்வுபெற்ற டீச்சர். தங்கையோடு இருக்கிறார்.

“புனைபேரைப் பாத்து ஆம்பிளையாக்கினீங்க, சரி. பிறகு ஏன் சாகடிச்சீங்க?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “மன்னிச்சிருங்க டீச்சர். நீங்க சம்மதிச்சா எல்லாத்தையும் திருத்திப் போடுறம்.”

அவர் சிரிப்பு நின்றது. “அதைச் சொல்லத்தான் கூப்பிட்டன். இந்தப் புத்தகம் திரும்ப வரக்கூடா. அந்தக் காலத்திலயே ரெண்டாம் பதிப்புக் கேட்டவங்க. மாட்டன் எண்டுட்டன்.”

“ஏன் டீச்சர்?”

அதற்குள் தங்கை தேநீர் கொண்டுவந்தார். நாவலில் வரும் பெண்ணுக்குப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. தேநீர் நீட்டிய முகத்திலும் அதே தழும்பு. அந்த வர்ணனையைத்தான் நான் ரசித்து ரசித்து பேஸ்புக்கில் எடுத்துப் போட்டிருந்தேன்.

தங்கை உள்ளே போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “கதையில அவள்ட பேரைத்தான் மாத்தினன் தம்பி. ஊர் கண்டுபிடிச்சிட்டுது. அவளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் நிண்டுபோச்சு. இண்டுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல்ல. பிறகு நான் எழுதவே இல்ல.”

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

“தேத்தண்ணியக் குடிக்கல்லியே… சீனி காணாதா?” என்றார் தங்கை, வாசலுக்கு வந்து. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“புத்தகங்களைக் கொண்டுவந்து தாறன்” என்றேன் டீச்சரிடம்.

“இஞ்ச வேணாம். அவள் கண்ணில படக்கூடா. வெட்டிப்போடுங்க.”

தன் ஒரே நூலைப் பற்றி ஒரு எழுத்தாளர் சொன்னது இது.

அன்றிரவே பேஸ்புக் பதிவை அழித்தேன். மறுநாள், இன்னும் விற்பனைக்கு விடாத பிரதிகள் அத்தனையையும் அச்சகத்தில் வெட்டும் மெஷினில் கொடுத்தோம். “ஒண்டையாவது வைப்பமாகா?” என்றார் ரவீந்திரன். எனக்கும் ஆசைதான். கடைசிப் பிரதி துண்டாகும் வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

ஒரு நூல் கிடைக்காமல் போனால் ஊர் மறந்துவிட்டது என்றே நினைத்துப் பழகிவிட்டேன். யாரோ ஒருவர் வேண்டுமென்றே மறைத்து வைத்திருப்பார் என்று ஏன் தோன்றவில்லை?

டீச்சரே தங்கையிடம் விஷயத்தைச் சொன்ன பிறகு, இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றச் சொன்னார்கள். தழும்பு உட்பட மாற்றியிருக்கிறேன்.

நாவலின் பெயரைக் கேட்டு உங்களில் சிலர் எழுதுவீர்கள், தெரியும் — தயவுசெய்து வேண்டாம்.