நெருங்கியவர் பதியப்படவில்லை

என் அலுவலகத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் பெயர் ஷெல். நோர்வேயில் இது வெகு சாதாரணமான ஆண் பெயர். ஆறு வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த முதல்நாள், அவர் கையை நீட்டி "ஷெல்" என்றபோது நான் அவரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் எறிகணையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல் காதில் விழுந்தால் எங்கே குனிவது என்றுதான் எங்கள் உடம்பு முதலில் யோசிக்கும். நான் தடுமாறியதை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். கூட வேலைசெய்பவரின் பெயர் என்ன என்று அம்மா கேட்டபோது, "அது வாயில நுழையாத பேரம்மா" என்று சமாளித்துவிட்டேன். ஊரில், கண்டாவளையில் தனியாக இருக்கும் மனுசியை ஏன் வீணாகத் திடுக்கிட வைக்கவேண்டும்?

பேர்கன் நகரிலுள்ள எங்கள் சிறிய நிறுவனம், முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கும் தாதிமாருக்கு ஓர் இணையச் செயலி செய்து கொடுக்கிறது. ஒருவரின் பெயரைத் தொட்டால் அவருடைய மருந்துகள், வீட்டுக் கதவின் திறப்பு இருக்கும் இடம், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய நெருங்கியவரின் எண் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். நெருங்கியவரை இங்கே 'போரோரென்ட' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் தொடுதல் என்ற வினை இருக்கிறது என்று மொழி வகுப்பில் சொல்லித்தந்தார்கள். போன இலையுதிர்காலத்தில் ஒரு தாதியிடமிருந்து முறைப்பாடு வந்தது. ஒரேயொரு முதியவரின் பக்கம் மட்டும் திறக்கவில்லை, திரை வெள்ளையாக நிற்கிறது என்றார். பிழைப் பதிவைப் பார்த்தேன். 'நல்' ஒன்றின் தொலைபேசி எண்ணை வாசிக்க முடியாது என்றிருந்தது. எங்கள் தொழிலில் நாளாந்தம் முகத்தில் முட்டுகிற பிழை இது. நல் என்றால் அந்த இடத்தில் எதுவுமில்லை என்று பொருள். செயலி நெருங்கியவரைத் தேடிப் போகிறது. அங்கே ஆளில்லை. இல்லாத ஆளிடம் எண்ணைக் கேட்டுவிட்டு அப்படியே விழுந்துவிடுகிறது.

உறுதிசெய்துகொள்வதற்காகத் தாதிக்கு அழைத்து, நெருங்கியவர் பகுதியில் 'நுல்'லா என்று கேட்டேன். அவர்களின் மொழியில் நுல் என்றால் பூச்சியம். நான் கேட்டது தரவைப் பற்றி.

"ஓம், நுல்தான்," என்றார் அவர். "மனைவி போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய பெயரை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பக்கம் திறக்காததால்தான் நேற்று அவரிடமே கேட்டேன். கனநேரம் யோசித்துவிட்டுக் கீழ்வீட்டு மனிதரின் பெயரைச் சொன்னார். பக்கம் திறந்தால் எழுதிவிடுவேன்."

நான் கேட்டதை அவர் விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் சரியான பதிலைச் சொல்லியிருந்தார்.

"ஒரு கேள்விக்குறி போதும்," என்றார் ஷெல். நிரலில் அந்த வரியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துவிட்டால், ஆள் இல்லாதபோது செயலி ஒன்றும் கேட்காமல் கடந்துபோய்விடும். சேர்த்தேன். பக்கம் திறந்தது. நெருங்கியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சுத்தமான வெறுமை. ஷெல்லுக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. பக்கம் விழுந்தபடியால்தான் ஒருத்தி அந்தக் கிழவரிடம் கேட்டாள். இனி விழாது, இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"இங்கே ஒரு வரி வரவேண்டும்," என்றேன். "நெருங்கியவர் பதியப்படவில்லை, நேரில் கேளுங்கள் என்று."

"அதை எங்களிடம் யாரும் கேட்கவில்லையே?"

"கேட்பதற்கு அந்தக் கிழவருக்கு யார் இருக்கிறார்கள்?"

ஷெல் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார். இங்குள்ளவர்கள் இப்படித்தான் ஓம் சொல்வார்கள். முதல் வருடம் முழுக்க, ஏதோ கண்டு பயந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வரியை எழுதி முடித்தபோது பதினொன்றரை. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே பின்னேரம் மூன்று மணி. அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, உங்கட கிளினிக் கொப்பியில அவசரத்துக்கு ஆற்ற பேர் கிடக்கு?"

"ஏன் பிள்ளை இப்ப அது?"

"சொல்லுங்கோ."

"யோகான்ர."

யோகா அக்கா பக்கத்து வளவில் இருப்பவர். பரந்தன் சந்தியில் தையல்கடை வைத்திருக்கிறார்.

"முந்தி என்ர பேரெல்லோ இருந்தது?"

"இருந்ததுதான். போன மாரிக்குள்ள ஒருநாள் சீனி இறங்கிக் கிளினிக்கிலயே விழுந்திட்டன். நேர்ஸ் உன்ர நம்பருக்கு அடிச்சுப் பாத்தவா. அந்தப் போனில வெளிநாட்டுக்குப் போகாதாம். பிறகு உன்ரயை வெட்டிப்போட்டு யோகான்ரயை எழுதினவா. ரெண்டு நாள் ஆசுப்பத்திரியில மறிச்சு வைச்சவை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா அங்க இருந்து நீ என்ன செய்யிறது? அழுவாய். யோகா பத்து நிமிசத்தில வந்திட்டாள்."

போர் முடிந்து முகாமுக்குள் வந்த நாள் நினைவுக்கு வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதிவு மேசைக்கு முன் நீண்ட வரிசை. "உங்களோட ஆர் இருக்கினம்?" என்று எழுதுபவர் தலை நிமிராமல் கேட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இவள் இருக்கிறாள்." அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. எனக்குத் தோள் வலித்தது. இப்போது யாராவது அப்படித் தூக்கிப் பிடிக்கமாட்டார்களா என்றிருந்தது.

அம்மாவோடு கதைத்த அன்று பின்னேரம் வரைக்கும் யோகா அக்காமேல் கோபமாக இருந்தேன். நியாயமற்ற கோபம் என்று தெரிந்தும் இருந்தேன். மறுநாள்தான் அவருக்கு அழைக்க முடிந்தது.

"ஐயோ பிள்ளை, அது அந்த நேரத்துக்கு எழுதினது," என்றார் அவர். "அடுத்த கிளினிக்குக்கே உன்ர பேரைத் திருப்பிப் போடுவிக்கிறன்."

"வேண்டாமக்கா. நீங்கள்தானே ஓடிவருவியள். உங்கட பேரே கிடக்கட்டும். கீழ இடமிருந்தா என்ர பேரையும் எழுதச் சொல்லுங்கோ."

"இடமில்லாட்டியும் எழுதுவிப்பன்."

எங்கள் செயலியில் அந்த வரி இப்போது இருக்கிறது. கிழவரின் பக்கத்தில் கீழ்வீட்டு மனிதரின் பெயர் ஏறிவிட்டதாகத் தாதி அறிவித்தார். வேறு சிலரின் பக்கங்களிலும் அந்த வரியைக் கண்டு, நேரில் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். ஷெல் அதை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

மூன்று கிழமை கழித்து யோகா அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அம்மாவின் கிளினிக் கொப்பி, முதற்பக்கம். மேலே யோகா அக்காவின் பெயர், அயலவர். கீழே நீல மையில் என் பெயர், மகள். தொலைபேசி எண்ணுக்குப் பத்துக் கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள். நோர்வேக்கான 0047 என்ற முன்குறியோடு சேர்த்தால் என் எண் பன்னிரண்டு இலக்கம். பத்து இலக்கங்கள் கட்டங்களுக்குள் இருந்தன. மீதி இரண்டையும் கட்டத்துக்கு வெளியே, தாளின் கரையோரமாக, நெருக்கிச் சிறிதாக எழுதியிருந்தார்கள்.