ஒயர் இல்லாத கணினி

வருடா வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள், எங்கள் வாடிக்கையாளரான ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையிலிருந்து ஒரு படம் வரும். அலுவலக மேசையில் பழைய பெட்டிக் கணினி. திரையில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. சேலத்தில் எங்கள் அலுவலகத்தில் அதைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவேன். அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது, அதனால் இன்னும் ஒரு வருடத்துக்குப் பழைய நிரலைத் தொட முடியாது.

நாங்கள் செய்தது சின்ன மென்பொருள். ஒருவர் கடவுச்சொல் தட்டி உள்ளே போனதும், கணினியின் நினைவகத்தில் அது கிடக்காதபடி துடைத்துவிடும். புதிய துடைப்பு முறை ஆத்தூர்க் கணினிக்கு ஒத்துவராது என்பதால், அதற்காகவே பழைய முறையையும் உள்ளே வைத்திருந்தோம். வினை அங்கேதான். புதிய கணினிகளிலும் சில நேரம் நிரல் அந்தப் பழைய வழியில் போய், கடவுச்சொல்லின் நாலைந்து எழுத்துகளை மிச்சம் வைத்துவிடும். எழுதியவன் நான். தெரிந்தும், ஆலை வேலை நின்றுவிடுமே என்ற பயத்தில் ஆறு வருடம் அதைக் கட்டிக் காத்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டெஸ்டர். திருச்செங்கோட்டுக்காரர், எல்லோரும் அம்மணி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவர் என் மேசைப் பக்கம் வந்தாலே திறந்திருக்கும் நிரலை மூடிவிடுவேன்.

"ஏனுங்கண்ணா, ஊட்டைக் கூட்டிக் குப்பையைக் கதவுக்குப் பொறவால தள்ளி வெச்சா சுத்தமாயிருமாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜைப் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், மாலைக்குக் கீழே விரலை வைத்தார்.

"ஒயரையே காணமுங்களே."

படத்துக்காகக் கழற்றியிருப்பார்கள் என்று சாதித்தேன். முதலாளியும் என் பக்கம்தான். "நிரலை எடுத்து ஆலை நின்னுச்சுன்னா வேற வேலை பாத்துக்கம்மா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அம்மணியின் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. ஆனாலும் அவர் மறுநாள் காலை ஆத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

ஆலைக்காரர் சிரித்தாராம். "அதுவா? எங்கப்பா வாங்கின மொத கம்ப்யூட்டரும்மா. அது ஓடி ஏழெட்டு வருஷம் ஆச்சு. அப்பா ஞாபகமா பூஜை போடறோம். வேலையெல்லாம் இந்தப் புதுசுலதான்." இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. படம் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, நிரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

மத்தியானம் அம்மணி திரும்பி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய நிரலை நானே அழித்தேன், பக்கம் பக்கமாக. அவர் சோதனையை ஓட்டினார். கடவுச்சொல் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகப் பூஜ்யம். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. புதிய பதிப்பை ஆத்தூருக்கு அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஓடுதும்மா, முன்னைக்கு இப்ப வேகமாவே ஓடுது" என்று ஆலைக்காரர் சொன்னதும் நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷம். முதலாளி வந்து திரையைப் பார்த்தார், எல்லோருக்கும் டீ சொன்னார். முதல் டம்ளரை அம்மணியிடம் தன் கையால் கொடுத்தார்.

இன்று அம்மணி சரி என்று சொல்லாமல் எங்கள் மென்பொருள் வெளியே போகாது. இந்த வருடப் படமும் வந்தது. முதல் வேலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒயர் இல்லை, மாலை மட்டும் போன வருடத்தைவிடப் பெரிது. அம்மணிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது:

"நல்லாக் கும்புட்டுக்குங்கண்ணா. நீங்க ஆறு வருஷம் காவக் காத்த சாமியாச்சுங்களே!"