இருசம்மாள் வேலியில் விட்ட வழி

“அக்கம்பக்கம்னு ஒரு வீடு என் கண்ணுல படக்கூடாது. ஆள் தொணை வேணும்னு இந்த இருசம்மா எவ வாசல்லயும் போய் நிக்க மாட்டா.”

1951இல், துவாக்குடிக்கு அப்பால் ஒரு கல்லுப் பொட்டலில் வண்டியை விட்டு இறங்கியதும் இருசம்மாள் அம்மையார் இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் நால்வர்: கணவர் பெரியண்ணன், ஆறு வயது மகள் வள்ளிக்கண்ணு, இரண்டு வண்டிமாடுகள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நான்கு ஓரகத்திகளோடு ஒரே அடுப்பில் எட்டு வருஷம் சமைத்தவர் அம்மையார். பாம்பும் நரியும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவை குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்வதில்லை. முள் வெட்டினார், கல் பொறுக்கினார், வரகு விதைத்தார். மூன்று கோடை கணவரோடு சேர்ந்து பாறையைக் குடைந்து கிணறு வெட்டினார். தண்ணீர் வந்த அன்றே அதைச் சுற்றி வேலியும் போட்டார். தெளிவான நாளில் திருச்சி மலைக்கோட்டை தூரத்தில் தெரியும். அதை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1957இல் வீரமலையும் அவர் மனைவி மயிலம்மாளும் பக்கத்து நிலத்தை வாங்கிக் குடிசை போட வந்தார்கள். அம்மையார் சண்டை போடவில்லை. தம் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் தர முடியாது என்றார், அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் வேறு கிணறு கிடையாது. ஒன்பதாம் நாள் அவர்கள் துவாக்குடிக்கே திரும்பி, வாடகைக்குக் குடியேறினார்கள். ராஜ்யம் மீண்டும் அமைதி கண்டது.

வள்ளிக்கண்ணு வளர்ந்து, காட்டூரில் வாழ்க்கைப்பட்டு, 1964இல் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் அம்மையாருக்குச் சந்தேகமே இல்லை. இடுப்பளவு உயரத்துக்கு விறகு அடுக்கிவைத்துவிட்டு, மகளை அழைத்துவரத் தேதி குறிக்கப் போனார். சம்பந்தி பாப்பாயி காபி கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்:

“அனுப்ப மாட்டேன்னு சொல்லலீங்க சம்பந்தி. வலி எடுத்தா உங்க வீட்டுக்காரர் மருத்துவச்சியக் கூப்பிட ஓடுவார். நீங்க வெந்நீர் வைப்பீங்க. புள்ள கையப் புடிச்சிக்கிட்டு யாரு இருப்பா, நரியா? பக்கத்துல ஒரு வீட்டக் காட்டுங்க, வளைகாப்பு முடிஞ்ச கையோட அனுப்பறேன்.”

அம்மையார் தேதி குறிக்காமலே பஸ் ஏறினார். பெண்ணை அழைத்துக்கொள்ளத் தாய்க்கு வக்கில்லை என்று ஊர் பேசும் என்பது ஒரு பக்கம். மகளின் கையைப் பிடிக்க ஆளில்லை என்பது மறுபக்கம். இந்த இரண்டாவதுதான் பஸ்ஸில் வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அரிவாளோடு போய்ப் பக்கத்து நிலத்தின் முள்ளையெல்லாம் வெட்டித் தள்ளினார். கிணற்று வேலியில் ஓர் ஆள் குடத்தோடு நுழையும் அளவுக்கு வழி விட்டார். இதெல்லாம் எதற்கு என்று பெரியண்ணன் கேட்கவில்லை. அவர் அனுபவசாலி.

பிறகு துவாக்குடிக்கு நடந்துபோய் மயிலம்மாளின் வாசலில் நின்றார்.

“என்னக்கா, வழி தவறிட்டீங்களா?” என்றார் மயிலம்மாள்.

“உங்க நெலத்துல முள்ள வெட்டிட்டேன். கெணத்துக்கும் வழி விட்டாச்சு.”

“ஏழு வருஷம் கழிச்சு எதுக்கு இப்ப?”

இருசம்மாள் தெருவைப் பார்த்தார். “வள்ளிக்கண்ணுக்குத் தலப்பிரசவம். நீ பக்கத்துல இருந்தா நல்லது.”

மயிலம்மாள் கைவேலையை முடிக்கும்வரை அவரை வாசலிலேயே நிற்கவைத்தார். பிறகு மூலையில் கிடந்த அம்மியைக் காட்டினார். “குடி வரணும்னா இதையும் தூக்கணும், ஒருத்தியால ஆவாது. அந்த முனையப் புடிங்க.”

இருசம்மாள் குனிந்து பிடித்தார்.