எல் ஜதீதாவில் எடுக்காத படம்

காலை ஐந்தரை, ராமேஸ்வரம். மொராக்கோவுக்குக் கிளம்பிய எனக்கு, எங்கள் பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்துத் தலைவி செல்வமேரி அக்கா பேருந்து நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக அந்த ஓட்டலுக்குள் நான் போவதே இல்லை. கைகழுவும் இடத்துக்கு மேலே என் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில், நனைந்த சேலையோடு நிற்கிறேன். சுற்றுலா வந்த எவனோ எடுத்தது. எடுத்தவனும் என்னைக் கேட்கவில்லை, மாட்டியவரும் கேட்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"அங்கன பொம்பளைக எப்படிப் பாசி எடுக்குறாகன்னு நல்லாப் படம் புடிச்சுட்டு வா. இல்லேன்னா நீ போனதையே நம்பமாட்டாக" என்று சங்கத்துக் கைபேசியை என் கையில் திணித்தார் அக்கா.

மதுரை, துபாய், காசாபிளாங்கா. கடல் தொழிலாளர் கூட்டம் மூன்று நாள் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போயிற்று. நான்காம் நாள்தான் எனக்கான பயணம், எல் ஜதீதா கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்க.

காலை ஏழு மணி. துணைக்கு வந்தவள் சல்மா, கூட்டத்தில் மொழிபெயர்த்த பெண். என் ஓட்டை ஆங்கிலத்துக்கு அவள் பொறுமை ஈடுகொடுத்தது. எல் ஜதீதா தெற்கே நூறு கிலோமீட்டர். பங்கு டாக்சியில் ஆளுக்கு ஐம்பது திர்ஹாம். ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். நெருக்கியடித்து உட்காரப் பிடிக்காத பெண்கள் முன்சீட்டின் இரண்டு இடத்துக்கும் காசு கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். ஏறியதும் எல்லோருக்கும் சலாம் சொல்லுங்கள், தோளை மூடிக்கொள்ளுங்கள், வண்டிக்கூலியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேலையில் போனால் முறைப்பார்கள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். ஒருவரும் முறைக்கவில்லை. ஓட்டுநர் மட்டும் எனக்காக ஓர் இந்திப் படப் பாட்டைப் பாடினார். எனக்கு இந்தி தெரியாது என்று சல்மா சொன்னதும், நான் இந்தியாதானா என்றே சந்தேகப்பட்டார்.

ஒன்பதரை மணி. ஊரைத் தாண்டிப் பாறைக் கரை. ஜூலையிலும் தண்ணீர் ஐஸாகக் குத்தியது. அலை ஒதுக்கிய செம்பாசியை ஏழெட்டுப் பெண்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மரிக்கொழுந்துப் பாசிக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது. ஆசையாகக் கைபேசியை எடுத்து நீட்டினேன். முன்னால் நின்ற அம்மாள் நிமிர்ந்து, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். பெயர் ரஹ்மா, ஐம்பது வயதிருக்கும்.

இங்கே கேட்காமல் எடுப்பது மரியாதை இல்லை என்றாள் சல்மா. அவளையே கேட்கச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார் ரஹ்மா. காரணம் சொல்லவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடல் தாண்டி இதற்கா வந்தேன்? அப்புறம் அந்த ஓட்டல் சுவர் ஞாபகம் வந்தது. கூசிப்போனேன். எனக்கு எவனோ செய்ததை இவருக்கு நான் செய்யப் பார்த்தேனே. கைபேசியைப் பைக்குள் போட்டேன். கைக்குட்டையைக் கிழித்து, ஊரில் செய்கிற மாதிரி விரல்களில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ரஹ்மா சிரித்தபடி தன் கையை விரித்துக் காட்டினார். பாறை கிழித்த தழும்புகள், எனக்கு இருக்கிற அதே இடங்களில்.

பதினொன்றரைக்குப் புதினாத் தேநீர் வந்தது. வலது கையில் வாங்கிக் குடித்தேன். இப்போது கேட்டால் சம்மதிப்பார் என்றாள் சல்மா. ஒருதரம் வேண்டாம் என்றவரை நச்சரிக்க எனக்கு மனமில்லை.

நான்கு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு ராமேஸ்வரத்தில் இறங்கினேன். செல்வமேரி அக்கா கைபேசியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னத்தா, ஒண்ணையும் காணோம்? நான் என்னன்னு சொல்ல?"

"நம்புறவுக நம்பட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு நேரே ஓட்டலுக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவரிடம், படத்தில் இருப்பது நான்தான், கழற்றிவிடுங்கள் என்றேன்.

"அழகுக்கு மாட்டுனதுதானக்கா. நாலு வருசமாத் தொங்குது, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயே" என்றார் அவர்.

"இப்ப நான் சொல்றேன்."

பெஞ்சை இழுத்துப் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர் என்னைப் படமெடுக்கக் கைபேசியை உயர்த்தினார். ரஹ்மா செய்தது போலவே உள்ளங்கையைக் காட்டினேன். அவர் கைபேசியை இறக்கினார். நான் படத்தை இறக்கினேன்.