உப்பு ஏரியில் ஐஸ் நடை

எரிமலைக் கற்களுக்கிடையே மூன்று மணி நேரம் நடந்து ஜிபூட்டியின் உப்பு ஏரிக்கு வந்து சேர்கிறோம். கரை முழுவதும் வெள்ளை உப்புப் பாளம், அதன்மேல் மெல்லிய தண்ணீர். எங்கள் வழிகாட்டி இந்தப் பாலைவனத்துக்காரர். என் நரைத்த தலையைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்கிறார்: "அம்மா, இது வழுக்கும். நீங்கள் இங்கேயே நில்லுங்கள்."

"ஓம், நீர் நில்லும். நான் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்று என் கணவர் புது டிஜிட்டல் கமராவுடன் இறங்குகிறார். பத்தடி போகவில்லை, சறுக்கி உப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் பயணக் குழுவில் பின்னால் போன இருவருக்கும் அதே கதி.

நான் இறங்குகிறேன். பாதத்தைத் தட்டையாக வைத்து, கைகளை விரித்து, சின்னச் சின்ன அடியாக நடக்கிறேன். மொன்றியலில் பதினெட்டு ஜனவரிகள் ஐஸில் பஸ் தரிப்புக்குப் போன நடை இது. கணவரைத் தாண்டித் தண்ணீர் விளிம்பில் போய் நிற்கிறேன்.

"உப்பில் நடக்க எங்கே பழகினீர்கள்?" என்கிறார் வழிகாட்டி.

"மொன்றியலில். அங்கே வழுக்காமலிருக்க வீதியில் உப்புத்தான் போடுவார்கள்."

அவர் நம்பாமல் சிரிக்கிறார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "அம்மா நடப்பதுபோல் நடவுங்கள்" என்கிறார்.

எல்லோரும் கைகளை விரித்து வருகிறார்கள். கடைசியில், பதினெட்டு வருடமும் காரிலேயே வேலைக்குப் போன என் கணவர்.