பின்னால் கட்டிய விராலிக் கிளை

எங்கள் ஊர் சைக்கிள் குழுவில் வயதில் மூத்தவள் நான்தான். மற்றவர்கள் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் இளையவர்கள். ஞாயிறு விடியலில் ஆலங்காயத்தில் கூடுவோம். தலைக்கவசம், கியர் வண்டி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை. போன ஞாயிறு காவலூர் மேட்டை ஏறி முடித்ததும் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சாலையோரப் புதரைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஆன்ட்டி, எதனா வுட்டுட்டீங்களா?" என்றான் குழுவை நடத்தும் பையன்.

"இல்லப்பா. பிரேக் தேடுறேன்."

அவன் பதறிப்போய் என் வண்டியின் பிரேக்கைக் குனிந்து பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது. நான் அந்தப் புதரிலிருந்து ஒரு விராலி இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்தேன். விரல்கள் பிசுபிசுத்தன. அதற்குப் பிறகு அந்த இறக்கம் முழுவதும் நான் அவர்களோடு இல்லை.

இதே சாலையில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சைக்கிள் சங்கம் போய்வந்துகொண்டிருந்தது. 'மலையடிவார மிதிவண்டிச் சங்கம்' என்று பெயர். பெயர்தான் நீளம்; உறுப்பினர்கள் எல்லோரும் தேநீர்க்கடையின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். தபால் ஆபீஸில் வேலை பார்த்த அப்பா தலைவர். மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் மாமாவும், மாதா கோயிலுக்கு எதிரில் கடை வைத்திருந்த தையல்கார மாமாவும் உறுப்பினர்கள். அப்பாவின் தங்கையான என் அத்தை ஒருத்திதான் பெண். அந்த வருடம் வாடகைச் சைக்கிளோடு நானும் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும், கோயில் வாசலிலிருந்தே மலைக்குக் கிளம்புவோம்.

எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர் அப்பா. சங்கத்துக்குச் சட்டங்கள் வைத்திருந்தார். தலைவரை யாரும் முந்தக் கூடாது. கம்பவுண்டர் மாமாவுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான சட்டம், இறங்கும்போது கிளை கட்டாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்பது.

கிளை என்றால் விராலிக் கிளை. அந்தக் காலத்து வண்டிகளின் பிரேக், மலை இறக்கத்தில் பாதி வழிகூடத் தாங்காது. சக்கரம் சூடேறி, ரப்பர் கட்டை தேய்ந்து, தீய்ந்த வாசனை வந்துவிடும். மலையிலிருந்து விறகும் புளியும் சைக்கிளில் ஏற்றி இறக்குகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இலை அடர்ந்த கிளை ஒன்றை கேரியரில் கட்டித் தரையில் இழுபட விட்டுவிடுவார்கள். வண்டி ஓட ஓட கிளை பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் அப்பா சங்கத்துக்கும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கிளை வெட்டுவது தையல்கார மாமா. கத்தரி பிடித்த கை என்பதால் அந்தப் பொறுப்பு. முடிச்சுப் போடுவது மட்டும் அப்பா. வேறு யாரும் போட்ட முடிச்சை அவர் நம்பமாட்டார்.

நான் சொல்ல வந்த ஞாயிறு, மற்ற ஞாயிறுகளைப் போன்றதல்ல. மறுநாள் அத்தை கன்னியாஸ்திரி மடத்தில் சேரப் போவதாக இருந்தது. வடக்கே எங்கோ தூரத்து ஊர். அவளாக விரும்பி எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. சாமி காரியம் என்பதால் யாரும் வாய் திறக்கவும் இல்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எனக்குத் தலை பின்னிவிடுவதும், பாய் விரித்தால் பக்கத்தில் படுத்துக் கதை சொல்வதும் அத்தை. அவள் போய்விட்டால் இதற்கெல்லாம் ஆள் இல்லை.

காலையில் பூசைக்குக் கிளம்பும்போது அம்மா சமையலறை வாசலில் அப்பாவை நிறுத்தினாள்.

"இன்னிக்காவது பேசுங்க. நாளைக்கு சிஸ்டருங்க வந்து இட்டுனு போய்டுவாங்க. நீங்க வாணான்னு ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா."

"போற வழில பேசுறேன்" என்றார் அப்பா, வண்டியின் ஹேண்டில்பாரைத் துடைத்தபடி.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சங்கத்துக்கே சட்டம் போடுகிறவர் அப்பா. அவர் 'போகாதே' என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வார்த்தையைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று, அன்று முழுவதும் நான் அத்தையின் வண்டியை ஒட்டியே ஓட்டினேன்.

மலைமேல் பனி இறங்கியிருந்தது. ஏற்றம் கடினமானதும் எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். முன்னால் போகிற அப்பாவின் வெள்ளைச் சட்டை பனிக்குள் கரைந்து, வளைவு திரும்பியதும் மறுபடி கூடிவந்தது. எங்கிருந்தோ புளியமரத்துக் கிளிகள் கத்தின. கிளிகள் கண்ணில் படவில்லை. சாமைக் கொல்லைகள் வந்தபோது பனியின் அடியில் பச்சை மட்டும் ஒரு கோடு போலத் தெரிந்தது. வண்டிச் சக்கரங்கள் கிர்ரென்று சுற்றுகிற சத்தம் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் நடக்கிறவர்களைப் போல நடந்தோம்.

அன்று அப்பா வழக்கத்தைவிட மெதுவாகப் போனார். ஓட்ட முடிகிற சமதரையிலும் ஓட்டவில்லை. வளைவுக்கு வளைவு நின்று, தேவையே இல்லாமல் டயரை அமுக்கிப் பார்த்தார். ஒரு மேட்டில் ஆட்டுக் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்து மேலே போனது.

"தலைவரே, ஆடுங்க நம்மள தாண்டிட்டு போவுது, கொஞ்சம் பாருங்க" என்றார் தையல்கார மாமா.

"தலைவர முந்தக் கூடாதுன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லலயா?" என்றாள் அத்தை. "இன்னாண்ணா, சங்கத்துல சேர்க்காம வுட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சரி, இப்போது பேசுவார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

காவலூரில் மரங்களுக்கு மேலே, தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிற கூடத்தின் வெள்ளைக் கூண்டு பனியில் மிதந்துகொண்டிருந்தது, கீழே கட்டடமே இல்லாததைப் போல. அங்கே இருக்கிறவர்கள் பகலில் தூங்கி ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பார்கள் என்று அத்தை சொன்னாள்.

"அவங்க வூட்டுக்கு எப்ப போவாங்க?" என்று கேட்டேன்.

"லீவு வந்தா போவாங்க."

"உனக்கு லீவு வுடுவாங்களா?"

"எப்பனா ஒரு தபா வுடுவாங்க."

"சைக்கிள் ஓட்ட வுடுவாங்களா?"

அத்தை நடப்பதை நிறுத்தினாள். "அத்த கேக்க மறந்துட்டேன்டி" என்று சொல்லி, என் பின்னலின் நுனியை ஒருமுறை இழுத்துவிட்டாள். முன்னால் போன அப்பாவுக்கு இது கேட்டிருக்கும். அவருடைய வண்டி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது.

மேலே தேநீர்க்கடையில் அப்பா இன்னொரு தேநீர் சொன்னார். அது முடிந்ததும் மற்றொன்று சொன்னார். ஒன்றுக்கு மேல் குடித்து நான் அவரைப் பார்த்ததில்லை. அத்தைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தம்ளரை உள்ளங்கைகளில் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"சீட்டு கொஞ்சம் ஏறினாப்புல இருக்கே. எறக்கி வெக்கட்டா?"

"வாணாண்ணா. சரியாத்தான் இருக்கு."

பிறகு தையல்கார மாமா கிளைகளை வெட்டிக்கொண்டுவந்தார். அப்பா ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து கட்டினார். அத்தையின் வண்டியில் முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார். தன் வண்டிக்கு அன்று ஒரு சின்ன மரம் அளவுக்குப் பெரிய கிளையை எடுத்துக்கொண்டார்.

"தலைவரே, எறங்கப் போறீங்களா, தோப்பு வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார் கம்பவுண்டர் மாமா.

இறங்கத் தொடங்கினோம். அந்த இறக்கத்தை எத்தனை முறை நினைத்தாலும் அது ஒரு கனவின் வேகத்தில்தான் வருகிறது. அப்போது சாலை பாதி தார், பாதி மண். ஐந்து கிளைகளும் தரையைப் பெருக்கிக்கொண்டு வர, சர்ரென்ற ஒரே சத்தம். மழை தூரத்தில் பெய்வதைப் போன்ற சத்தம். பனி விலகி வெயில் வந்திருந்தது. கிளம்பிய புழுதி மரங்களுக்கு நடுவே பொன்னாகத் தொங்கியது. நசுங்கிய விராலி இலையின் வாசனை எங்கள் கூடவே வந்தது. அப்பாவின் கிளை பெரியதாக இருந்ததால் அவர் வண்டி ஊர்ந்தது. அவரை முந்தக் கூடாது என்பதால் நாங்களும் ஊர்ந்தோம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. இந்த வேகத்தில் போனால் மதியச் சோறு ஆறிவிடுமே என்ற கவலையும் இருந்தது.

பாதி இறக்கத்தில், பாறையிலிருந்து தண்ணீர் வடிகிற ஒரு வளைவு உண்டு. அங்கே நின்று முகம் கழுவுவது வழக்கம். நான் குனிந்து கை நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் வண்டியோடு சற்று தள்ளி, மைல்கல் பக்கம் நின்றிருந்தாள். மறுபடி எல்லோரும் ஏறி நகர ஆரம்பித்தபோது, மணியை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

அத்தைதான். அப்பாவையும் முந்திவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானை பிடுங்கிக்கொண்டு பின்னால் பறந்தது. எங்கள் எல்லோருக்கும் பின்னால் புழுதி இருந்தது. அவளுக்குப் பின்னால் மட்டும் இல்லை. அடுத்த வளைவில் சாய்ந்து திரும்பினாள். பிறகு மணிச் சத்தம் மட்டும், கீழே, கீழே, இன்னும் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, கெள போச்சு! தலைவரே, கூப்புடுங்க!" என்று கத்தினார் தையல்கார மாமா.

அப்பா கூப்பிடவில்லை. வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அந்தச் சத்தம் முழுவதும் போய் முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கிளை மைல்கல் பக்கத்தில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்தேன். கயிறு கல்லின் மேல் இருந்தது; அத்தை கொடிக்கயிற்றைச் சுருட்டி வைப்பாளே, வளையம் வளையமாக மடித்து நுனியை நடுவில் செருகி, அதே மாதிரி. எனக்கு இருந்த அவசரத்தில் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. கிளை இல்லாமல் அத்தை தவிப்பாள், கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கயிற்றைப் பாவாடையில் செருகிக்கொண்டேன். கம்பவுண்டர் மாமா அந்தக் கிளையையும் என் கேரியரில் இருந்த கிளையோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு கிளைகளை இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால், மாமாவுக்குச் சற்று முன்னால், மெல்ல மெல்ல இறங்கினேன்.

அடிவாரத்துச் சின்னப் பாலத்தின் கட்டையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அழுதியா அத்த?"

"காத்துடி" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் கயிற்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். "முடிச்சு அவுந்துடுச்சுப்பா."

அப்பா அந்தச் சுருளைக் கையில் வாங்கினார். நடுவில் செருகியிருந்த நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. நான்தான் சரியா கட்டல" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தையல்கார மாமா எதிரில் இப்படி ஆகிவிட்டதே என்று. அப்பா அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பயமா இல்லியா?"

"இருந்துச்சுண்ணா" என்றாள் அத்தை. "ஆனா நிக்கணும்னு தோணல."

அப்பா வெகுநேரம் பாலத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீர்கூட இல்லை, வெறும் மணல்.

"அப்ப சரி" என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேகமாக ஓட்டியதற்குத் திட்டு விழாததால் அவளுக்குச் சந்தோஷம் என்று நினைத்தேன். சட்டத்தை மீறியதற்கு அவளைச் சங்கத்திலிருந்து நீக்குவார்களா என்று கம்பவுண்டர் மாமாவிடம் கேட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "தெர்லமா, தலைவர்தான் சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கொல்லைக் குழாயடிக்குக் கால் கழுவப் போனாள். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பேசினீங்களா?"

"பேசியாச்சு" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏறும்போதும் இறங்கும்போதும் கூடவே இருந்தவள் நான். அவர் பேசியது சைக்கிள் சீட்டைப் பற்றி, முடிச்சைப் பற்றி, பயத்தைப் பற்றி, அவ்வளவுதான். அவர் பேசாமல் விட்டதால் அத்தை நாளைக்குப் போய்விடுவாள். அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டால் இன்னும்கூட எதையாவது செய்யலாம்.

சமையலறைக்குள் ஓடிப்போய் அம்மாவின் புடவையை இழுத்தேன். "பொய்மா. அப்பா ஒண்ணுமே பேசல. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். குழாயடியில் அத்தை தன் வண்டிச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிகளில் சிக்கியிருந்த விராலி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைத் திருப்பி நிறுத்தி, கலைந்திருந்த என் பின்னலை அவிழ்த்தாள். புதிதாகப் பின்ன ஆரம்பித்தாள். அத்தை பின்னுவதைப் போல அது இறுக்கமாக வரவில்லை. வலிக்காமல் பின்னுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தேன்.