கேரியர் வைத்த எருமை

போன வாரம் என் அக்காள் மகள் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு பொறுப்புக் கொடுத்திருந்தார்கள் – வாழை இலை. அக்காளுக்கு என்னை நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

"அன்றைக்கு வெட்டிய இலைதான் பச்சையாக இருக்கும், மார்க்கெட் திறந்ததும் நானே அள்ளி வருகிறேன்" என்று சவடால் விட்டிருந்தேன். விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் மார்க்கெட்டுக்குப் போனால்... ஒரு கடைகூடத் திறக்கவில்லை. தரையெல்லாம் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம். சீனப் பெருநாள் – அவர்களுடைய வருஷப் பிறப்பு!

என் ரயில்வே ஆபீஸ்காரர்கள் எல்லோரும் வர வசதியாக லீவு நாள் பார்த்து முகூர்த்தம் வைக்கச் சொன்னவனே நான்தான். ராகு காலம் பார்த்தேன். எமகண்டம் பார்த்தேன். அந்த லீவை எதற்காக விடுகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. இலை விற்கிற சீனர்கள் அத்தனை பேரும் புதுச் சட்டையோடு வீட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். ரிக்‌ஷா இழுப்பவர்களும் அவர்களே. ஆகவே ரிக்‌ஷாவும் இல்லை.

உடனே என்ன செய்தேன்? பந்தலுக்குத் திரும்பி ஆறு இட்லி தின்றேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

"இலை எங்கேங்க?" என்றார் சமையல்காரர்.

"வருது, வருது."

"எங்கேருந்து வருது?"

விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ சாம்பாரை எங்கே ஊத்தறது? சம்பந்தி கையிலயா?"

கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியிருந்த அந்தச் சம்பந்தியோ லேசுப்பட்டவர் அல்ல. நிச்சயதார்த்தத்தில் அப்பளம் நமத்துப்போனதற்கே அரை நாள் பேசாமல் இருந்தவர். இலையே இல்லையென்றால்? வாழப்போகிற பெண்ணை ஆயுசுக்கும் குத்திக்காட்ட மாட்டார்களா? எனக்கு இன்னும் இரண்டு இட்லி தேவைப்பட்டது.

அதற்குள் அக்காள் வந்துவிட்டாள். "ஏண்டா, பட்டுப்புடவையோட நானே போய் வெட்டிக்கிட்டு வரட்டுமா?"

"கவலைப்படாதீங்க அக்கா!" என்று முன்னால் வந்தார் சுந்தரம். ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. "பந்தாய்ப் பக்கம் மலாய்க்காரங்க கம்பத்துல, அந்தக் கிராமம் பூரா வாழை மண்டிக் கெடக்கு. என் சைக்கிள்ல பறந்து போய்ட்டு வந்துடறேன்."

சுந்தரத்தின் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமையிலிருந்து வந்த லேட்டஸ்ட் ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கொம்பு ஹாண்டில், மூன்று ஸ்பீடு கியர், டைனமோ விளக்கு. அதே கடையில் நானும் அதே மாதிரி ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்த்தவன்தான். குனிந்தேன். பெடலுக்கும் எனக்கும் நடுவில் என் தொப்பை வந்து நின்றது. மூச்சு முட்டியது. செத்தேன் என்று அலறிக்கொண்டு இறங்கி, மூலையில் நின்ற கறுப்பு சைக்கிளை வாங்கி வந்தேன் – தடித்த டயர், இரட்டை ஸ்டாண்டு, கட்டில் மாதிரி கேரியர். ஆபீசே சிரித்தது. "அண்ணே, எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று சுந்தரம் தினமும் கேட்பார்.

"பறந்து போவீங்க சரி. இலையை எதுல வைப்பீங்க?" என்றேன்.

ரேஸ் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. வெயிட் குறைக்கிறார்களாம். சுந்தரம் கொஞ்சம் யோசித்தார். "தோள்ல!" என்றார். பறந்தார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. எருமையைக் கிளப்பினேன்.

ரப்பர் தோட்டத்தைத் தாண்டியதும் செம்மண் பாதை. ராத்திரி பெய்த மழையில் குழைந்து கிடந்தது. நட்ட நடுவில் சுந்தரம் நின்றார். மெல்லிய டயர் சேற்றில் புதைந்து, கியர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சிக்கி, பெடல் அசையவே இல்லை.

"அண்ணே... நகர மாட்டேங்குது."

"தண்ணி காட்டிப் பாருங்க தம்பி!"

மிதித்தேன். எருமை சேற்றைக் கண்டு என்றைக்குப் பயந்தது?

கம்பத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, பாதி மலாயிலும் பாதி சைகையிலும், கல்யாணம், இலை, அக்காள், என் கழுத்து என்று விளக்கினேன். கழுத்தைக் காட்டியதும் புரிந்துகொண்டார். விழுந்து விழுந்து சிரித்தபடியே கத்தியை எடுத்து வெட்டித் தள்ளினார். கேரியரில் கட்டினோம். ஹாண்டிலில் தொங்கவிட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வாழைத்தோப்பு தானாக உருண்டு போவது போல இருந்திருக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டு முருகனைக் கூப்பிட்ட கூப்பாட்டில், தோட்டத்துக் குரங்குகள் மரம் மாறின.

பந்தலுக்குள் நுழைகிறேன் – கெட்டிமேளம்! தாலி கட்டுவதற்காகத்தான் கொட்டினார்களாம். நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். சமையல்காரர் ஓடிவந்து, மாப்பிள்ளையை இறக்குவது போல இலைக்கட்டை இறக்கினார். இரண்டாம் பந்திக்கு இன்னொரு நடையும் அடித்தேன்.

சம்பந்தி இலையைத் தடவிப் பார்த்தார். "கிள்ளான்லகூட இவ்வளவு பச்சை இலையைப் பார்த்ததில்லே!" என்றார். அப்பளத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. அக்காள் தன் கையால் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள். சுந்தரம் கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தார் – சைக்கிள் அவர் தோளில்.

நேற்று இன்னொரு வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். வெற்றிலைத் தட்டை என்னிடம் நீட்டி, "கட்டாயம் வந்துடணும்" என்றார்கள் – வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்து!